எருக்கலம்பிட்டி டீச்சர் கண்ட முடிச்சு

புதிதாக மலை வழிகாட்டிகளாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களுக்கு என் அனுபவங்களைச் சொல்லித்தர வேண்டும் என்று நம் மலையேறும் பள்ளியான ஏறுபள்ளியிலிருந்து கேட்டிருந்தார்கள். நேரில் வந்து பேசும்படிதான் முதலில் கேட்டார்கள். என் வலது முழங்கால் வங்காலையிலிருந்து மன்னார் பஸ் நிலையத்துக்குப் போய் வருவதற்கே முணுமுணுக்கிறது. மலைக்கு அதை எப்படிக் கூட்டி வருவது? ஆகவே எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயிறு வகை, முடிச்சு வகை, கொளுக்கி வகை பற்றி இதில் ஒன்றும் இராது. அதெல்லாம் கைப்பேசியில் என்னைவிட வடிவாகச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். பறக்கும் கமராவை மேலே விட்டு, எட்டாத உச்சியைக்கூடக் கீழே நின்றே பார்த்துவிடுகிறீர்கள். உங்களைக் கிண்டல் பண்ணவில்லை. கொஞ்சம் பண்ணுகிறேன்தான்.

முதலில் ஒன்றைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மலை இல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் உயரமாகத் தெரிவது கோயில் கோபுரமும் தொலைபேசிக் கம்பமும்தான். மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கிற நிலம். மாலையில் நானாட்டான் பக்கம் முகில் திரண்டு நிற்கும்போது, ஒரு கணம் நெஞ்சு ஏமாந்து எழும்பும். பிறகு அது முகில்தான் என்று தெரிந்து உட்கார்ந்துவிடும். கடற்கரையில் பிறந்தவனுக்கு இதென்ன வருத்தம் என்று மனைவி சிரிப்பாள். அவளுக்கு நான் பதில் சொல்வதில்லை. நனைந்த கயிற்றின் மணத்தையும், விடியற்காலைக் குளிரில் எட்டுப் பேர் பேசாமல் பிஸ்கட் கடிக்கிற சத்தத்தையும், முதல் தடவை உச்சியில் கால் வைத்தவர் முகத்தில் வருகிற அந்த வெட்கம் கலந்த சிரிப்பையும் எப்படி ஒருவருக்கு விளங்கப்படுத்துவது? இரண்டு வருடமாகக் காலையில் எழும்பியதும் கை தன்பாட்டில் இடுப்பைத் தடவிப் பார்க்கிறது. அங்கே கயிறு மாட்டும் பட்டி இல்லை, சாரம்தான் இருக்கிறது.

நான் கயிற்றுக்கு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது. யுத்த காலத்தில் எங்கள் குடும்பம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டு முகாமில் இருந்தது. முகாம் ஆண்களுக்கு அங்கே கிடைத்த வேலை பெயின்ற் அடிப்பது. உயரமான கட்டிடங்களுக்கு ஒரு பலகை, இரண்டு கயிறு, ஒரு வாளி. பத்தாம் மாடிக்கு வெளியே தொங்கிக்கொண்டு மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். திரும்பி ஊருக்கு வந்த பிறகும் அந்த வேலையே கைகொடுத்தது. மலைநாட்டில் ஒரு ஏறுபள்ளியின் தங்கும் அறைகளுக்கு வெள்ளையடிக்கப் போனபோது எனக்கு முப்பத்தெட்டு வயது.

பக்கத்துப் பாறையில் அவர்கள் கயிறு போட்டு, தலைக்கவசம் போட்டு, ஒருவர் பட்டியை ஒருவர் தடவிப் பார்த்து, அரை மணித்தியாலம் கழித்து ஓர் ஆள் ஏறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். தலைமைப் பயிற்றுநர் திரும்பிப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார். என்ன சிரிப்பு என்று கேட்டார். உந்தக் கயிற்றிலே நான் நித்திரையே கொள்ளுவேன் என்றேன். ஏறிக் காட்டச் சொன்னார். கையில் பெயின்ற் காயமுன்னமே ஏறிப்போய், உச்சியைத் தொட்டு இறங்கினேன். அங்கே நின்றவர்கள் கைதட்டினார்கள். மிஸ் கைதட்டவில்லை.

"முடிச்ச யாரு பாத்தாங்க?" என்று கேட்டார்.

நான் போட்ட முடிச்சை நான்தானே பார்ப்பேன், வேறு யார் பார்ப்பது என்றேன்.

"அப்ப நீங்க இன்னும் பெயின்டர்தாங்க அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல் எனக்கு முள்ளாகத் தைத்தது. வெள்ளையடிப்பு முடிந்த பிறகும் நான் ஊருக்குத் திரும்பவில்லை. மூன்று மாதம் கயிறு காயப்போட்டேன், பாத்திரம் கழுவினேன், பிறகு அவரிடம் தொழில் பழகினேன்.

அவர் வைத்திருந்த வழக்கம் இதுதான். உங்களிடம் இப்போது அது இல்லை என்று கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம் என்றாலும் பிழையில்லை. பயிற்றுநர் பாறை விளிம்புக்குப் போகமுன், அன்றைய குழுவில் யார் கடைசியாக வந்து சேர்ந்தாரோ, ஆக அனுபவம் குறைந்தவர் எவரோ, அவர் பயிற்றுநரின் முடிச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலால் கயிற்றின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு போய், முடிவைக் கண்டு, 'பார்த்தேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம், கந்தோரில் கதிரை தேய்க்கிற பெரிய மனிதராக இருக்கலாம். வருடக்கணக்காக முடிச்சுப் போடுகிறவன் தன் கையைப் பார்ப்பதில்லை. நேற்றுத்தான் முடிச்சைக் கண்டவன் அதை முறைத்துப் பார்ப்பான். அதுதான் அவருடைய கணக்கு.

அதற்கு ஒரு வாலும் இருந்தது. ஒரு மலையேறும் பருவத்தில் ஒரு பயிற்றுநரின் பிழை ஒரு தடவை பிடிபட்டால், பிடித்தவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் பிடிபட்டால் அந்தப் பருவம் முடியும்வரை அவர் கயிற்றைத் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவர் மிஸ். தனக்கு விலக்கு என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

இடையில் ஒரு சின்னக் கதை. ஒருமுறை ஒரு வங்கி முகாமையாளர் குழுவோடு வந்தார். வழி முழுக்கப் பகிடி விட்டுக்கொண்டு வந்தவர், பாதி மலையில் பேச்சை நிறுத்திவிட்டார். களைத்துவிட்டார் என்று நினைத்து நான் அவரை இன்னும் மேலே கூட்டிப்போனேன். மிஸ் பின்னாலிருந்து வந்து எல்லோரையும் திருப்பினார். உச்சிக்கு இன்னும் கால் மணித்தியாலம்கூட இல்லை. அடிவாரத்தில் அந்த மனிதர் தன் கையுறையைக் கழற்றும்போது, விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில் அது கழலவில்லை. பயப்படுகிறேன் என்று சொல்கிறவரை நீங்கள் எங்கேயும் கூட்டிப்போகலாம். பேசிக்கொண்டிருந்து திடீரென்று பேசாமல் விடுகிறவரைத் திரும்பிப் பாருங்கள். அன்று அவர் பயத்தை மிஸ் கண்டார், நான் காணவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றையும் காண்கிற அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் நான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இனி அந்தக் காரியம். ஒன்பது வருடம் ஆகிறது.

அந்தப் பருவம் மிஸ்ஸுக்குப் பெரிய பருவம். நம் பள்ளியிலிருந்து முதல் தடவையாக ஒரு குழு இமயமலைக்குப் போக இருந்தது. தலைமை தாங்கிப் போக அவரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். தோட்டத்து லயவீட்டில் பிறந்த பெண், பனி எப்படி இருக்கும் என்று குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து வளர்ந்ததாக ஒருமுறை சொல்லியிருக்கிறார். இரவல் வாங்கிய கனத்த சப்பாத்தைத் தினமும் மாலையில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடப்பார். பழக வேண்டுமாம். எங்களுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். அந்தப் பருவத்தில் அவருடைய ஒரு பிழை ஏற்கெனவே பிடிபட்டிருந்தது. இடுப்புப் பட்டியின் வார் முழுதாகத் திருப்பி மாட்டப்படவில்லை என்று ஒரு கல்லூரிப் பெண் கண்டுபிடித்தாள். மிஸ் எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னார். இமயமலைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

அப்போதுதான் மன்னார் பக்கத்து ஆசிரியர்கள் பத்துப் பேர் பயிற்சிக்கு வந்தார்கள். பிள்ளைகளை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போக ஆயத்தமாகிறவர்கள். என் ஊர்ப் பேச்சைக் கேட்டு எனக்குத் தலைகால் தெரியவில்லை. வங்காலை, நானாட்டான் ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து ஓர் ஆசிரியை மட்டும் ஒரு நாள் பிந்தி வந்தார், மகளுக்குக் காய்ச்சலாம். தலையை மூடிய துணிக்கு மேலே தலைக்கவசத்தை எப்படி மாட்டுவது என்று அவரும் மிஸ்ஸும் சேர்ந்து வழி கண்டுபிடித்தார்கள். பிந்தி வந்ததால் குழுவில் ஆகப் புதியவர் அவர்தான். முடிச்சைப் பார்க்க வேண்டியவரும் அவர்தான்.

மூன்றாம் நாள் அறுபது அடிப் பாறையில் ஆட்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தோம். நானாட்டான் விளையாட்டு மாஸ்டர் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. அவருடைய கயிற்றை இன்னொரு பயிற்றுநர் மேலே பிடித்துக்கொண்டிருந்தார், விழமாட்டார். ஆனால் பாறையைக் கட்டிப்பிடித்தவர் கையை எடுக்கவில்லை. கால் வழுக்க வழுக்கக் கத்தத் தொடங்கினார். ஓர் ஆள் இறங்கிப் போய் அவரைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும். மிஸ் இறங்கினார். அவரை இறக்கும் கயிறு என் கையில்.

அவர் முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் அலறினார். மிஸ் கையை அப்படியே விட்டு, விளிம்பில் குனிந்து, கீழே பார்க்க வேண்டாம், என்னைப் பாருங்கள் என்று அவரோடு பேசினார். பேசிக்கொண்டே மழையங்கியைத் தலைவழியாக மாட்டினார். பார்வை முழுக்கக் கீழே. புதியவர் முடிச்சைப் பார்க்கலாம் என்று கையால் சைகை காட்டினார்.

எருக்கலம்பிட்டி டீச்சர் மழையங்கியின் ஓரத்தைத் தூக்கினார். நான் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கயிற்றின் முனை பட்டியின் வளையத்துக்குள்ளால் போய் வெளியே வந்து, அவ்வளவுதான். திரும்பி முடிச்சுக்குள் போகவில்லை. பாரம் விழுந்தால் நூல் ஊசியிலிருந்து கழன்று வருவதுபோல வந்துவிடும். டீச்சருடைய விரல் அந்த முனையில் நின்றது. வாய் திறந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மழையங்கியைச் சரிசெய்கிறவன்போலக் கையை உள்ளே விட்டு, முனையை எடுத்து, முடிச்சுக்குள் ஓட்டி இறுக்கினேன். பெயின்ற் காலத்துக் கை, வேகமான கை. செய்துகொண்டே டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம், சொல்லாதீங்கோ. மிஸ்ஸுக்கு இது இரண்டாவது, இமயமலை போய்விடும். அவ்வளவையும் ஒரு தலையாட்டலில் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"டீச்சர்?" என்றார் மிஸ், திரும்பாமல்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு "பார்த்தேன்" என்றார். முடிச்சு அந்த நேரம் முழுதாகத்தான் இருந்தது. மிஸ் இறங்கினார். மாஸ்டருடைய ஒவ்வொரு விரலாகக் கழற்றி, பகிடி சொல்லி, தன் மடியில் இருத்திக் கீழே கொண்டுபோனார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரன். உயிரும் தப்பியது, இமயமலையும் தப்பியது என்று அன்று பின்னேரம் வரை உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு நாளும் ஐந்து மணித் தேத்தண்ணியோடு எல்லோரும் வட்டமாக இருப்போம். இன்றைக்கு யார் என்ன கண்டீர்கள் என்று மிஸ் கேட்பார். மாஸ்டர் தன் பயத்தைச் சொன்னார், சிரித்தோம். டீச்சரின் முறை வந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மிஸ் இறங்கமுன்னம் முடிச்சு அரைவாசியிலை நிண்டது. நான் கண்டனான். அண்ணன்தான் ஓட்டி முடிச்சவர். நான் அப்பவே சொல்லியிருக்கோணும்."

மிஸ் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் ஓம் என்று சொல்லியிருந்தால் எழும்பி நின்று டீச்சருக்கு நன்றி சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். பிறகு தன் சப்பாத்தை மடித்து வைத்திருப்பார். அதுவும் தெரியும். பின்னேரங்களில் அவர் தண்ணீர்த் தாங்கிக்கு நடக்கிற நடைதான் எனக்குக் கண்ணுக்குள் வந்தது.

"இல்லை மிஸ்," என்றேன். "முடிச்சு முழுசாத்தான் இருந்தது. நான் அங்கியைத்தான் சரிப்படுத்தினனான். மழைக்குள்ளை டீச்சருக்கு வடிவாத் தெரிஞ்சிராது."

வட்டத்தில் ஒருவர் சிரித்தார். டீச்சருக்கு உயரத்திலே தலை சுற்றியிருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் என் ஊர் ஆட்கள், என் பேச்சை நம்பினார்கள். ஒரு நாள் பிந்தி வந்தவரை நம்பவில்லை. டீச்சர் அவர்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அடுத்த நாள் காலை நல்ல வெயில். அந்த வெயிலிலும் மிஸ் மழையங்கி போட்டுக்கொண்டு பாறைக்கு வந்தார். விளிம்புக்கு இரண்டு எட்டு முன்னால் நின்று, முடிச்சைப் பார்க்கும்படி டீச்சரைக் கேட்டார். டீச்சர் குனிந்தார். அங்கியின் ஓரத்தைத் தொட்டார், தூக்கவில்லை. கண் பள்ளத்தாக்குப் பக்கம் இருந்தது. "பார்த்தேன்" என்றார். இன்றைக்கு எல்லோரும் பார்க்கலாம் என்றார் மிஸ். ஒவ்வொருவராக வந்தார்கள், குனிந்தார்கள். பத்துப் பேரும் பார்த்தேன் என்றார்கள்.

மிஸ் மழையங்கியைக் கழற்றினார். கயிற்றின் முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சென்று ஒன்றே இல்லை. முதுகுப் பக்கம் வேறொரு பட்டியால் தன்னைப் பாறையோடு பூட்டி வைத்திருந்தார், அதனால் பயமில்லை. அங்கே நின்றவர்கள் தங்கள் தங்கள் முடிச்சைக் குனிந்து பார்த்தார்கள். அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"நேத்து இங்க ஒருத்தங்க உண்மையா பாத்தாங்க. இன்னைக்கி ஒருத்தரும் பாக்கல. ஏன்னு சொல்லுங்கண்ணே."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாறையில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும், இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கோடு தெரிகிறது. பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் தந்தார் என்று தெரியாது. நிறைய நேரம் தந்தார்.

"அப்ப நேத்தோட எனக்கு ரெண்டு," என்றார். தலைக்கவசத்தையும் கயிற்றையும் என் கையில் வைத்துவிட்டு, ஒற்றையடிப் பாதையால் தனியே இறங்கிப்போனார்.

ஆசிரியர்களின் பயிற்சி அன்று மத்தியானத்தோடு முடிந்தது. அவர்களுடைய பைகளைப் பஸ்ஸில் ஏற்றியது நான்தான். டீச்சருடைய பையை ஏற்றும்போதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மிஸ் அந்தப் பருவம் முழுக்கச் சமையலறையிலும் களஞ்சிய அறையிலும் வேலை செய்தார். இமயமலைக்குத் தன் இடத்தில் என்னை அனுப்பும்படி அவரே எழுதிக் கொடுத்தார். அந்தச் சப்பாத்தைத் துடைத்து என் கட்டிலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். எனக்கு அளவு காணாது என்று தெரிந்ததும் வேறொரு சோடியும் தேடித் தந்தார். பருவம் முடிந்ததும், பதுளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். என்னோடு கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் போனேன், தம்பிமாரே. போயிருக்கக் கூடாது என்று இன்று சொல்வது சுலபம். விடியும்போது பனி முதலில் நீலமாக, பிறகு ரோசா நிறமாக மாறும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் கண்ணால் நீர் ஓடியது. குளிர் என்று சொன்னேன். இங்கே கடற்கரையில் இருந்துகொண்டு நான் ஏங்குகிற ஏக்கத்தில் பாதி அந்த விடியலுக்காகத்தான். நினைத்துப் பார்த்தால் அந்த விடியல் என்னுடையதே இல்லை. இன்னொருவருடைய கதிரையில் இருந்து பார்த்த காட்சிக்குத்தான் நான் உருகிக்கொண்டிருக்கிறேன்.

இளைப்பாறி ஊருக்கு வந்த பிறகு டீச்சரை இரண்டு தடவை கண்டேன். இரண்டு தடவையும் மன்னார் பஸ் நிலையத்தில். ஒருமுறை பக்கத்திலிருந்த சப்பாத்துக் கடைக்குள் புகுந்து, வேண்டாத செருப்பொன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவருடைய பஸ் போகும்வரை.

இந்தக் கடிதத்தைப் போன கிழமை எழுதத் தொடங்கினேன். புதியவர் முடிச்சைப் பார்க்கும் வழக்கத்தை நீங்கள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நேற்றுக் காலை முழங்காலில் தைலம் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். பாலம் தாண்டி, தீவுக்குள் போய், எருக்கலம்பிட்டியில் இறங்கி, டீச்சருடைய பெயரைச் சொன்னேன். இப்போது உப அதிபராம், எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. கதிரை போட்டார், பிளேன்ரீ தந்தார், முழங்காலைப் பற்றி விசாரித்தார். நான் தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னேன். அன்றைக்கு முடிச்சு அரைவாசியில்தான் நின்றது, நீங்கள் கண்டது உண்மை, பொய் சொன்னது நான், அத்தனை பேருக்கு முன்னால் உங்களைப் பொய்யாக்கியதும் நான் என்று சொன்னேன். வழி முழுக்கப் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனது. பாதிதான் வாயில் வந்தது.

டீச்சர் என் கோப்பையை எனக்குக் கிட்ட நகர்த்தி வைத்தார்.

"முடிச்சு எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தெரியும்தானே அண்ணன்," என்றார். "நான் பன்ரெண்டு வயசிலை இந்த ஊரை விட்டுப் போனனான். யுத்தத்துக்கை எங்கடை முஸ்லிம் சனம் எல்லாரையும் அனுப்பேக்கை ரோட்டிலை நிண்டு பார்த்த ஆக்கள் இருந்தவை. திரும்பி வந்து கேக்கேக்கை, நாங்கள் ஒண்டும் காணேல்லை எண்டவை. அண்டைக்குத் தேத்தண்ணி நேரமும் எனக்கு அந்த ரோட்டிலை நிக்கிற மாதிரித்தான் இருந்தது."

அந்த வருடம் நான் வள்ளம் ஏறிய ஆள், ரோட்டில் நிற்கவில்லை என்று சொல்ல வாய் உன்னியது. நல்ல காலம், சொல்லவில்லை.

பிறகு அவர் சாதாரணமாகச் சொன்னார், மிஸ் ஒவ்வொரு பெருநாளைக்கும் தொலைபேசி எடுப்பாராம். தோட்டத்துப் பிள்ளைகளைச் சின்னப் பாறைகளில் ஏற்றிப் பழக்குகிறாராம். ஒன்பது வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட எடுக்காதவர். என்னைப் பற்றி ஏதாவது கேட்பாரா என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"கேப்பா. ஒரே ஒரு கேள்விதான். 'அண்ணே வந்து சொன்னாரா, டீச்சர்?' நான் இன்னும் இல்லை எண்டுவன். பிறகு வேறை கதை கதைப்பம்."

மேசையில் இருந்த கைப்பேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தி, என்னிடம் தந்தார். மணி போய்க்கொண்டிருந்தது. நான் கதிரையை விட்டு எழும்பி நின்றேன்.

"சொல்லுங்க டீச்சர்," என்றது அந்தக் குரல். பின்னால் காற்று அடிக்கிற சத்தம். தேயிலை மலைக் காற்று. எனக்கு அதை அடையாளம் தெரியும்.

"மிஸ், நான்தான்," என்றேன். "எருக்கலம்பிட்டியிலை நிக்கிறன். டீச்சரிட்டை வந்து சொல்லிப்போட்டன்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. அழுகிறாரோ, சிரிக்கிறாரோ, கையால் வாயை மூடிக்கொண்டாரோ தெரியாது. நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பேன்.

"டீச்சர்கிட்ட குடுங்கண்ணே," என்றார்.

கொடுத்தேன். டீச்சர் கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓம் மிஸ். வந்தவர். சொன்னவர்."